வாளைக் கடைசியில் வாங்குங்கள்: ஜெர்மனியில் ஹேமா பழகப் போகிறவர்களுக்கு

"சனிக்கிழமை ஹேமாவுக்குப் போகணும், அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனில் சொன்னதும் மறுமுனையில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "யாருப்பா அது, நம்ம பக்கத்துப் பொண்ணா?" என்றார்.

ஹேமா பெண் இல்லை. ஐரோப்பாவில் வழக்கொழிந்துபோன வாள்வீச்சு முறைகளைப் பழைய கையேடுகளிலிருந்து படித்தெடுத்து, மழுங்கிய இரும்பு வாளும் கவசமுமாகத் திரும்பப் பழகுகிறார்கள். "ஹிஸ்டாரிகல் யூரோப்பியன் மார்ஷியல் ஆர்ட்ஸ்" என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஹேமா (HEMA). நான் மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்த இரண்டாவது குளிர்காலத்தில் சேர்ந்தேன். சேர்ந்ததில் வருத்தமே இல்லை, சேர்ந்த விதத்தில்தான் வருத்தம். தப்பான வாளை வாங்கினேன். தப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல் நகத்தைப் பறிகொடுத்தேன். விலகல் கடிதத்தை ஒன்பது நாள் தாமதமாக அனுப்பி ஒரு வருடச் சந்தாவை வீணாகக் கட்டினேன். உங்களுக்கு இந்தத் தண்டம் வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. சங்கத்தைத் தேடும்போது பெயரில் ஏமாறாதீர்கள்

ஊர்ப் பெயரோடு வெறுமனே "ஃபெக்டன்" (Fechten, ஜெர்மனில் வாள்வீச்சு) என்று தேடினால் ஒலிம்பிக் வாள்வீச்சுச் சங்கங்கள்தான் முதலில் வரும். வெள்ளை உடை, மின்கம்பி, மெல்லிய வாள் என்று அது வேறு விளையாட்டு. "ஹிஸ்டோரிஷெஸ் ஃபெக்டன்" (Historisches Fechten), அதாவது வரலாற்று வாள்வீச்சு என்று தேடுங்கள். "ஷாவ்காம்ஃப்" என்று இன்னொன்று கண்ணில் படும். அது சந்தைத் திருவிழாக்களில் கூட்டத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்து நடத்திக் காட்டும் சண்டை. அதில் முகமூடி கிடையாது, குத்து கிடையாது, வாளும் கனமாக இருக்கும். தெரியாமல் அங்கே போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருவர்.

மியூனிக்கில் ஓக்ஸ், ஹாம்பர்க்கில் ஹம்மாபோர்க், ஊல்மில் ஷ்வாபென்ஃபெடர்ன், ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்து ஆஃபன்பாக்கில் ட்சோர்ன்ஹாவ் எல்லாம் பல வருடமாக நடக்கிற சங்கங்கள். உங்கள் ஊர் சிறியது என்றால் பக்கத்து ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். வாரம் இரண்டு நாள் இரவு பத்து மணிக்கு மேல் ரயிலில் திரும்ப முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் விடுவது அந்த ரயிலால்தான்.

மாணவராக இருந்தால் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவை முதலில் பாருங்கள். அங்கே ஹேமா வகுப்பு இருந்தால் ஒரு செமஸ்டருக்கே 20 முதல் 60 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் பதிவு திறக்கும் நாளும் மணியும் முன்பே போட்டிருப்பார்கள். தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பதற்றம் புதிதல்ல.

அடுத்து, அந்தச் சங்கத்தில் எந்த ஆயுதம் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு கையாலும் பிடிக்கும் நீள்வாள்தான் இருக்கும். ரேப்பியர் என்ற மெல்லிய நீண்ட குத்துவாள், சேபர் என்ற வளைந்த வாள், சிறு கேடயத்தோடு ஒருகை வாள், பெரிய கத்தி மாதிரியான மெஸ்ஸர் என்று வேறு வகைகளும் உண்டு. இது ரசனை சார்ந்த கேள்வி மட்டுமில்லை, பர்ஸ் சார்ந்த கேள்வியும்கூட. ரேப்பியரிலும் சேபரிலும் பிடியைச் சுற்றி இரும்புக் கிண்ணமோ வளைவோ இருக்கிறது, விரலைப் பெரும்பாலும் வாளே காக்கும். நீள்வாளில் இருப்பது ஒரு குறுக்குக் கம்பி. அதனால்தான் நீள்வாள்காரர்கள் கையுறைக்கே 150 யூரோவுக்கு மேல் அழுகிறார்கள்.

2. சோதனை வகுப்பு

சொல்லாமல் போய் நிற்காதீர்கள். பயிற்சி பெரும்பாலும் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடக்கும், வெளிக்கதவு பூட்டியிருக்கும். நான் முதல் வாரம் பனியில் இருபது நிமிடம் கதவைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். முன்னதாக ஒரு மெயில் போடுங்கள். வயது, முன்பு ஆடிய விளையாட்டு, பழைய முட்டி அல்லது தோள் காயம், எந்தக் கிழமை வர முடியும் என்று நான்கு வரி போதும். சில சங்கங்களில் எந்த வாரமும் சேரலாம். சிலவற்றில் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் தொடக்க வகுப்பு வைத்து, அதன் வழியாகத்தான் எடுப்பார்கள். இடம் நிறைந்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள், நடுவில் ஆட்கள் கழன்றுகொண்டே இருப்பார்கள். வயது வரம்பு பல இடங்களில் 16 அல்லது 18. மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இன்னொரு விஷயம் விடுமுறை. பள்ளியின் விளையாட்டுக் கூடம் என்பதால் பள்ளி விடுமுறையில் கதவு மூடிவிடும். கோடை விடுமுறை மட்டுமே ஆறு வாரம். ஜூலையில் உற்சாகம் பொங்கி மெயில் போட்டால் செப்டம்பரில்தான் வாளைத் தொடுவீர்கள்.

முதல் நாளுக்கு முழுக்கால் விளையாட்டு பேன்ட், டீ-சர்ட், தண்ணீர் போதும். காலணி மட்டும் முக்கியம். தெருவில் போட்ட ஷூவோடு கூடத்துக்குள் விட மாட்டார்கள், தரையில் தடம் பதிக்காத அடிப்பாகம் உள்ள தனி ஷூ வேண்டும். 30, 40 யூரோவுக்குக் கிடைக்கிறது. இந்தப் பட்டியலில் முதல் நாளே வாங்க வேண்டிய ஒரே சாமான் அதுதான். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கயிற்றைக் கழற்ற மனசில்லை என்றால் மேலே ஒரு ஸ்வெட்பேண்ட் போட்டுக்கொள்ளலாம், எங்கள் பயிற்சியாளர் அதற்கு ஒத்துக்கொண்டார். கண்ணாடி போடுகிறவர்கள் முகமூடிக்குள்ளும் போடலாம், பக்கக் கம்பி அகலமாக இருந்தால்தான் காதோரம் அழுத்தும்.

ஜெர்மன் சரியாக வராது என்று தயங்க வேண்டாம், பயிற்சியாளர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஒரு சொல்லை மட்டும் உடம்பிலேயே பதித்துக்கொள்ளுங்கள்: "ஹால்ட்". யார் கத்தினாலும் சரி, எந்த வேகத்தில் இருந்தாலும் சரி, அந்த இடத்தில் நிற்க வேண்டும். அப்புறம், எழுபது வயதுக்காரரையும் இங்கே "டூ" என்று ஒருமையில்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாய்க்கு வர மூன்று மாதம் ஆனது.

3. படிவம், வங்கிக் கணக்கு, காப்பீடு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், என் பணம் போனது இங்கேதான்.

இரண்டு அல்லது மூன்று சோதனை வகுப்பு முடிந்ததும் உறுப்பினர் படிவம் தருவார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, ஐபான் என்ற வங்கிக் கணக்கு எண். கூடவே, உங்கள் கணக்கிலிருந்து சந்தாவை அவர்களே எடுத்துக்கொள்ளும் செபா அனுமதியில் ஒரு கையெழுத்து. புகைப்படம் வெளியிடச் சம்மதமா என்று ஒரு கட்டம் தனியாக இருக்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மாணவச் சலுகைக்குச் சேர்க்கைச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை ஒவ்வொரு செமஸ்டரும் புதுப்பித்து அனுப்பாவிட்டால் சத்தமில்லாமல் முழுக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள். பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்பதில்லை. நான் சேர்ந்தபோது மாதம் 22 யூரோ, மாணவருக்கு 15. சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை 25. மற்ற ஊர் நண்பர்களிடம் விசாரித்த வரை மாதம் 15 முதல் 35 வரை.

கையெழுத்துப் போடும் முன் சங்க விதிகளில் விலகல் பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். என் முதல் சங்கத்தில் "ஆண்டு முடிவில் மட்டுமே விலகலாம், மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று இருந்தது. அதாவது செப்டம்பர் 30-க்குள். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அக்டோபர் 9-ஆம் தேதி கடிதம் அனுப்பினேன். மிகவும் பணிவாகப் பதில் வந்தது: வாழ்த்துகள், உங்கள் உறுப்பினர் காலம் அடுத்த டிசம்பர் 31-இல் முடிகிறது. ஊர் மாறிவிட்டேனே என்றால், அது தனிக் காரணமாகாதாம். ஜிம் சந்தாவுக்கு இருக்கிற ஒரு மாத நோட்டீஸ் விதியைச் சுட்டிக்காட்டினேன். அது வணிக ஒப்பந்தத்துக்கு, இது சங்கம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சங்கங்களுக்கு இரண்டு வருடம் வரைகூட நோட்டீஸ் காலம் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆகவே சேர்ந்த அன்றே, கடைசித் தேதியை போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

காப்பீட்டை மூன்று இடத்தில் சரிபார்க்க வேண்டும். முதலில், சங்கம் மாநில விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்தால் உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு ஒன்று இருக்கும். ஆனால் சோதனை வகுப்புக்கு வருகிறவர் இன்னும் உறுப்பினர் இல்லையே, அவருக்கும் உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது உங்கள் சொந்த ஹாஃப்ட்ஃப்லிஷ்ட், அதாவது நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு. வருடத்துக்கு 40 முதல் 70 யூரோதான், வாளே எடுக்காவிட்டாலும் இந்த நாட்டில் அது இல்லாமல் இருக்கக்கூடாது. சண்டைக் கலைகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று மட்டும் ஒரு மெயில் போட்டு, பதிலை எடுத்து வையுங்கள். மூன்றாவது மருத்துவக் காப்பீடு. அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மொழி வகுப்புக்கோ குறுகிய காலத்துக்கோ வந்து மலிவான பயணக் காப்பீட்டில் இருப்பவர்கள் விளையாட்டுக் காயம் பற்றிய பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

4. முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள்

சங்கத்தில் இரவல் வாள், இரவல் முகமூடி எல்லாம் இருக்கும். முகமூடி நாறும், தலையில் ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு மாட்டுங்கள். இந்த மூன்று மாதத்தில் சண்டை அவ்வளவாக இருக்காது. ஓக்ஸ், ஃப்ளூக், ஆல்பர், ஃபோம் டாக் என்ற நான்கு நிலைகள், அவற்றிலிருந்து கிளம்பும் வெட்டுகள், வெட்டோடு சேர்ந்து போகும் கால். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். சலிப்பாக இருக்கும். இந்த மூன்று மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். வீட்டில் 300 யூரோ வாள் இல்லாமல் நிற்பது நல்லது.

ஊரில் சிலம்பம் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான்கு வருடம் கம்பு சுற்றியவன் என்ற தைரியத்தில், நுரை வாளைக் கொடுத்த முதல் நாளே நானும் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். எதிரில் நின்றவர் அறுபது வயதுப் பல் டாக்டர். அவர் அலட்டிக்கொள்ளாமல் ஒரு எட்டு முன்னால் வைத்து என் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு நின்றார். திரும்பச் சுற்றினேன், திரும்பத் தொட்டார். கம்பு போய்வரும் நேரத்தில் என் கை அவருக்குத் திறந்து கிடந்தது. கால் வரிசையும் தூரம் பார்க்கும் கண்ணும் சிலம்பத்திலிருந்து அப்படியே உதவும். சுழற்சியை மட்டும் ஓர் ஆறு மாதம் ஓரமாக வையுங்கள்.

5. வாங்கும் வரிசை: கை, தலை, தொண்டை, உடம்பு

நான்காவது மாதம் இரும்பு வாளோடு மெதுவான சண்டைக்கு விடுவார்கள். அப்போதுதான் பணத்தை எடுக்க வேண்டும், இந்த வரிசையில்.

முதலில் கனமான கையுறை. நீள்வாளில் அதிகம் அடிபடுவது விரல்தான். எதிரியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற முதல் உறுப்பே அதுதான். நான் செய்த தப்பு, பழைய லாக்ராஸ் கையுறை ஒன்றை 55 யூரோவுக்கு வாங்கியது. பார்க்கத் தடிமனாக இருந்தது. உண்மையில் அதன் மெத்தை விரலின் முதுகில் மட்டும் இருக்கிறது. விரல் நுனியிலும் கட்டைவிரலின் பக்கத்திலும் வெறும் தோல். மூன்றாவது வாரம் ஒரு சாதாரண வெட்டைத் தடுத்தேன். வாள் வாளின் மேலேயே வழுக்கிக் குறுக்குக் கம்பியைத் தாண்டி வந்து கட்டைவிரல் நுனியில் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கையுறையைக் கழற்றியபோது நகத்துக்குக் கீழே கறுப்பு பரவிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில் நகம் கழன்று விழுந்தது, அது வரை சட்டைப் பொத்தான் போட ரூம்மேட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் ஹாக்கி கையுறைக்கும் இதே கதைதான். ஹேமாவுக்கென்றே செய்த, விரல் நுனிவரை கடினத் தகடு மூடிய கையுறையை வாங்குங்கள். நண்டின் ஓடு மாதிரி விரல்களைச் சேர்த்து மூடுவதும் உண்டு, ஐந்து விரலும் தனித்தனியாக அசைவதும் உண்டு. முதல் வகை மலிவு, பாதுகாப்பும் அதிகம். இரண்டாவது வகையில் பிடி சுலபம், விலை ஏறும். நான் அப்புறம் வாங்கியது 165 யூரோ.

இரண்டாவது முகமூடி. ஒலிம்பிக் வாள்வீச்சுக்கான கம்பிவலை முகமூடியேதான், அதன் மேல் போடப் பின்மண்டைக்கான தனி உறை. வெறும் முகமூடியில் பின்மண்டை திறந்திருக்கும், உறை இல்லாமல் எங்கள் சங்கத்தில் இரும்பு வாளுக்கே விட மாட்டார்கள். விளம்பரத்தில் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று போட்டிருப்பார்கள். இதைப் புதியவர்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கழுத்துப் பக்கம் தொங்கும் துணியைக் கூர்முனை துளைக்காமல் இருக்கும் திறனைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒன்றரைக் கிலோ வாள் உச்சந்தலையில் இறங்கினால் அதை மெத்தென்று தாங்குமா என்பதைப் பற்றி அந்த எண் பேசுவதே இல்லை. அதற்குத்தான் மெத்தை வைத்த உறை. பழைய முகமூடி வாங்கினால் வலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினாலோ துரு இருந்தாலோ வேண்டாம். மாட்டிக்கொண்டு குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள், நழுவினால் அளவு பெரிது.

மூன்றாவது தொண்டைக் கவசம். 35 யூரோ. துணியாலான கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், தொண்டைக்குழிக்கு நேரே கடினத் தகடு இருக்க வேண்டும். ஆண்கள் இந்த வரியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

நான்காவது ஜாக்கெட். உள்ளே மெத்தை தைத்த, இடுப்புக்குக் கீழ் வரை வரும் தடித்த உடுப்பு. 350 நியூட்டனிலும் 800 நியூட்டனிலும் வரும். போட்டிக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் 800-ஐ வாங்குங்கள், இரண்டு தடவை செலவு செய்ய வேண்டாம். எனக்கு 230 ஆனது. பெண்களுக்கு இதன் உள்ளே கடின மார்புத் தகடு கட்டாயம், ஆண்களும் பலர் போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு முழங்கை, முன்னங்கை, முட்டி, முன்கால் தகடுகள், கடைசியாகத் தடித்த பேன்ட். முழங்கைத் தகட்டை ஒத்திப்போடாதீர்கள், எலும்பு வெளியே துருத்தும் இடம். பேன்ட்டை ஒத்திப்போடலாம்.

என் முழு ரசீது இதோ, எல்லாம் யூரோவில். முகமூடி 95, உறை 50, கையுறை 165, தொண்டைக் கவசம் 35, ஜாக்கெட் 230, கைத் தகடுகள் 45, கால் தகடுகள் 60, இடுப்புக் கவசம் 20, பேன்ட் 110, வாள் 320, பை 45. மொத்தம் 1175. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டு ஒரு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் இதைப் பதினான்கு மாதத்தில் பரப்பித்தான் வாங்கினேன். சங்கத்தில் யாராவது படிப்பு முடிந்து ஊர் மாறும்போது ஜாக்கெட்டும் கால் தகடும் பாதி விலைக்குக் கிடைக்கும். கையுறையையும் முகமூடியையும் மட்டும் கூடுமானவரை புதிதாகவே வாங்குங்கள்.

6. ஆர்டர் போடும் முன் அளவும் சுங்கமும்

முதல் விதி, சங்கத்தில் யாருடையதையாவது போட்டுப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். ஐரோப்பிய அளவுகள் நம் உடம்புக்குத் தோளில் பெரிதாகவும் வயிற்றில் இறுக்கமாகவும் வரும். குறை நம் வயிற்றில் என்பது வேறு விஷயம். ஜாக்கெட்டைப் போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கீழ்விளிம்பு ஏறி பேன்ட்டின் இடுப்புப் பட்டை தெரிந்தால் அது குட்டை. தூக்கிய நிலையிலும் ஜாக்கெட் பேன்ட்டின் மேல் ஒரு சாண் அளவாவது படிந்திருக்க வேண்டும். கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவிலும், தொண்டைக் கவசத்துக்கும் காலருக்கும் நடுவிலும் தோல் தெரியக்கூடாது. வாள் முனை தேடிப் போவதுபோல் அந்த இடைவெளிக்குத்தான் போகும்.

போலந்தின் ஸ்பெஸ், ஹங்கேரியின் பி.பி.டி. போன்ற கவசத் தயாரிப்பாளர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால் சுங்கம் கிடையாது, பார்சல் நேராக வீட்டுக்கு வரும். பிரிட்டன் கடைகளில் விலை குறைவாகத் தெரியும். அவர்கள் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு அங்கிருந்து வரும் பார்சலுக்கு 19 சதவீத இறக்குமதி வரி, அதன் மேல் கூரியர்காரரின் கையாளும் கட்டணம், பொருளைப் பொறுத்துச் சுங்கத் தீர்வை எல்லாம் சேரும். கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமிராது. பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வரும் சாமான்களுக்கும் இதே கணக்குதான். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால அளவு: கையிருப்பில் இருந்தால் ஒரு வாரம். அளவெடுத்துத் தைப்பது நான்கு முதல் எட்டு வாரம். பட்டறையில் சொல்லிச் செய்யும் வாளுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை.

7. இப்போது வாள்

என் முதல் வாள் 89 யூரோ, ஓர் ஆன்லைன் கடையில் வாங்கியது. கண்ணாடி மாதிரி பளபளத்தது. வகுப்புக்குக் கொண்டுபோனதும் பயிற்சியாளர் அதை வாங்கி, பிடியை லேசாக ஆட்டினார். உள்ளே ஏதோ கடகடவென்றது. அவர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டும் வாள் அது. துருப்பிடிக்காத எஃகு, பிடிக்குள் போகும் பகுதி பென்சில் அளவு கம்பி. மோதினால் ஒடிந்து பறக்கும். இன்னும் என் அறைச் சுவரில்தான் இருக்கிறது.

நீங்கள் வாங்க வேண்டியதன் பெயர் ஃபெடர். ஸ்பிரிங் எஃகில் செய்த பயிற்சி நீள்வாள். நீளம் 130 செ.மீ. சுற்றி, எடை 1.3 முதல் 1.6 கிலோ வரை. விளிம்பு தட்டையாக மழுங்கியிருக்கும், முனை சுருட்டியோ அகலப்படுத்தியோ இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே அலகு சட்டென்று இறக்கை மாதிரி விரியும், அந்த விரிவும் விரலைக் காக்கத்தான். முனையைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்திப் பாருங்கள். வில் மாதிரி வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். வளையாத வாளால் நீங்கள் குத்தினால் எதிரில் இருப்பவரின் விலா எலும்புதான் வளைய வேண்டியிருக்கும். ஹங்கேரியின் ரெகென்யேய், செக் நாட்டின் பாவெல் மோட்ஸ் போன்ற பட்டறைக்காரர்களுடையது சங்கங்களில் அதிகம் காணக்கிடைக்கும். நான்கைந்து பேருடையதை வாங்கி ஐந்து நிமிடம் வீசிப் பாருங்கள். எடை ஒன்றாகவே இருந்தாலும், பாரம் பிடிக்குப் பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பதும் கைக்கு வேறு வேறு வாள். விலை 250 முதல் 400.

வாளோடு ஒரு ரப்பர் முனை மூடியும் வாங்கி மாட்டுங்கள். சில யூரோதான்.

8. வாளோடு தெருவில்

ஜெர்மன் ஆயுதச் சட்டம் 42அ பிரிவின்படி வெட்டு, குத்து ஆயுதங்களைப் பொது இடத்தில் ஏந்திப் போகக்கூடாது. மீறினால் அபராதம் 10,000 யூரோ வரை போகலாம். பூட்டிய பைக்குள் வைத்துக் கொண்டுபோனால் அந்தத் தடை பொருந்தாது. மழுங்கிய ஃபெடர் சட்டப்படி ஆயுதமா, விளையாட்டுச் சாமானா என்று சங்கத்தில் பீர் குடித்துக்கொண்டே விவாதிப்பார்கள். பிளாட்பாரத்தில் போலீஸ்காரரோடு அந்த விவாதம் நமக்கு வேண்டாம், அதுவும் நம் நிறத்தில், விசாவில் இருந்துகொண்டு. முழு வாளும் மறையும் பை, ஜிப்பின் இரண்டு பிடியையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு. பூட்டு 5 யூரோ. உறுப்பினர் அட்டையையோ சங்கத்தின் மெயிலையோ போனில் வைத்திருங்கள். ஒருமுறை ரயிலில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது, முகமூடியைப் பார்த்ததும் எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பூங்காவில் தனியாகப் பயிற்சி செய்ய ஆசை வரும். நைலான் வாளானாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வாள் வாள்தான். யாராவது போலீஸுக்கு 110-ஐ அழுத்திவிடுவார்கள். துடைப்பக் கட்டையை எடுத்துப்போங்கள், பைத்தியம் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான்.

ஊருக்குப் போகும்போது வாளை எடுத்துப் போகாதீர்கள். கேபினில் நிச்சயம் விட மாட்டார்கள். செக்-இன் பையில் போட்டாலும் சென்னையில் இறங்கி, சுங்க அதிகாரிக்கு "சார், இது விளையாட்டு" என்று விளக்கும் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முகமூடியும் கையுறையும் போதும், தம்பிகள் போட்டோ எடுத்துக்கொள்ள.

9. வீட்டுக்கு வந்ததும்

ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் வாளை உலர்ந்த துணியால் துடைத்து, பாலிஸ்டால் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவுங்கள். வேர்வை பட்டு ஒரே இரவில் துரு பூக்கும். அப்புறம் விளிம்பில் பழைய பருத்தித் துணியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே பிசிர் எழும்பியிருக்கிறது, அந்த இடத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தப் பிசிர் அடுத்தவரின் ஜாக்கெட்டைக் கிழிக்கும். அரத்தை இரவு பத்து மணிக்கு மேல் எடுக்காதீர்கள், கீழ்வீட்டுப் பாட்டிக்கு அந்தச் சத்தம் பிடிப்பதில்லை.

ஜாக்கெட்டை 30 டிகிரியில் துவைத்து நிழலில் காய வையுங்கள், டிரையரில் போட்டால் சுருங்கும். கையுறையைத் துவைக்க முடியாது. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஹீட்டரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் மறுநாள் உலர்ந்திருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு, ஈரக் கையுறையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து ஜிப்பைத் திறந்ததும் ரூம்மேட் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய், மைனஸ் ஆறு டிகிரி குளிரில், எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டான்.